முத்துப்பட்டன் கதையும் நம் கண்ணீரும்

பருத்திமாரைப் பிடுங்கி அடுக்கிய பின்பு, பங்குனி மாதத்து இரவுகளில், கரிசல் காட்டில் ஒலி வெகுதொலைவு செல்லும். இடைமறிக்க மலையில்லை, தோப்பில்லை, ஆங்காங்கே நிற்கும் உடைமரங்கள் எந்த ஒலியைத் தடுத்துவிடப் போகின்றன? கோவில்பட்டியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் கொடை விழாக்கள் பலவும் நடைபெறுவது இப்பருவத்தில்தான். தவசம் வீடு வந்து சேர்ந்திருக்கும். அடுத்த விதைப்புக்குப் புரட்டாசி மழை வரையில் காத்திருக்கலாம். கையிலும் சிறிது காசு புரளும். அத்தகைய இரவொன்றில், இரவுச் செபத்தை முடித்துவிட்டுப் பங்கு இல்லத்துத் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, அடுத்த ஊர்க் கொடையிலிருந்து வில்லின் மணியோசை வந்தது. ஒலிபெருக்கியின் தயவால் சொல்லும் தெளிவாகவே கேட்டது. அண்ணாவி முத்துப்பட்டன் கதையைத் தொடங்கியிருந்தார். நாம் பலமுறை கேட்ட கதை. மறுநாள் காலை ஐந்தரை மணிக்குத் திருப்பலி இருந்தமையால் உறங்கப் போக எழுந்தோம். எழுந்தவர் மறுபடியும் அமர்ந்துவிட்டோம். முடிவு தெரிந்த கதை நம்மை இவ்வாறு பிடித்து உட்காரவைப்பது எதனால் என்று அன்றிரவு எழுந்த வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

நம் இளைஞர் பலருக்கு இக்கதை தெரிந்திராது என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றோம். முத்துப்பட்டன் பிராமண குலத்தவன். அண்ணன்மார் பலருக்கு இளையவன். வீட்டில் பிணக்குற்று வெளியேறி, கொட்டாரக்கரை அரசனிடம் பணிபுரிகின்றான். ஆண்டுகள் சென்றபின் அண்ணன்மார் தேடிவந்து, மணம் முடித்து வைப்பதாகச் சொல்லி அழைத்து வருகின்றனர். வழியில், பாபநாசம் மலைப்பக்கத்தில், தனித்து நிற்கும் வேளையில், காட்டுக்குள்ளிருந்து இரு பெண்களின் பாட்டொலி அவன் செவியில் விழுகின்றது. பாடியவர்கள் பொம்மக்கா, திம்மக்கா என்னும் உடன்பிறந்த பெண்கள். மாடு காத்துத் தோல்வேலை செய்யும் வாலப்பகடையின் மக்கள். இன்று நாம் அருந்ததியர் என வழங்கும் குலத்தினர். ஒலியைத் தொடர்ந்து சென்றவன் அவர்களைக் கண்டு மனம் இழக்கின்றான். அஞ்சி ஓடிய பெண்கள் தந்தையிடம் சொல்ல, தந்தை சினந்து வருகின்றார். பெண்களைத் தனக்கு மணமுடித்துத் தருமாறு பட்டன் வேண்டுகின்றான். தந்தையோ, குடுமியைக் களைந்து, பூணூலை அறுத்து, தோல் பதம்செய்து செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு, எம்மில் ஒருவனாகி வந்தால் தருகின்றேன் என்கிறார். அண்ணன்மார் அவனை அறைக்குள் பூட்டிவைக்கின்றனர். தப்பி வருகின்றான், கேட்டதையெல்லாம் செய்கின்றான், தான் தைத்த செருப்பைக் கொண்டுபோய் விற்றும் காட்டுகின்றான். திருமணம் நடக்கின்றது. அன்றிரவே, மாமனாரின் பொறுப்பிலுள்ள மாடுகளைக் கள்வர் கவர்ந்து செல்வதாகச் செய்தி வருகின்றது. மணக்கோலத்தோடு புறப்பட்டுப் போகின்றான். கள்வரை வெல்கின்றான். வென்றபின், ஒளிந்திருந்த ஒருவனால் முதுகில் குத்துண்டு சாகின்றான். உடன் சென்ற நாய் வீட்டுக்கு வந்து நிற்கின்றது. பெண்கள் இருவரும் தேடிச் சென்று உடலைக் கண்டு, சிங்கம்பட்டித் தலைவனிடம் இசைவு பெற்றுத் தீயில் இறங்குகின்றனர்.

கதை இவ்வளவே. காரையாற்றுக் கரையில் சொரிமுத்து அய்யனார் கோயில் வளாகத்தில் பட்டவராயன் என்னும் பெயரில் அவனுக்கும், அருகிலேயே அப்பெண்களுக்கும் வழிபாடு நடக்கின்றது. ஆடி அமாவாசையன்று அங்குக் கூடும் கூட்டம் நாடறிந்தது. நேர்ந்துகொண்டோர் அவனுக்குத் தோற்செருப்பைக் காணிக்கையாகச் செலுத்துகின்றனர். அச்செருப்புகள் மறு ஆண்டில் தேய்ந்து காணப்படும். இரவெல்லாம் அவன் காட்டில் அலைந்து காவல் புரிவதே காரணம் என்பது மக்கள் நம்பிக்கை. வாய்மொழியாக வழங்கிவந்த இக்கதைப்பாடலை நாங்குநேரியைச் சேர்ந்த பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் 1971ஆம் ஆண்டு வெளியிட்டது. நாட்டார் வழக்காறுகளைப் பாமரர் பிதற்றல் என்று படித்தவர் ஒதுக்கியிருந்த காலத்தில், அவற்றைத் தமிழிலக்கியத்தின் முற்றத்துக்கு அழைத்து வந்தவர் அவர். பின்னாளில் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியலுக்கெனத் தனித்துறையே கண்டதை நம் வாசகர் அறிவர்.

இது மலையடிவாரத்துக் கதை. வற்றாத பொருநையின் கதை. வானம் பார்த்த கரிசலில் இது வேரூன்றியது எப்படி? இங்கேயே, கழுகுமலை முருகன் மீது சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச் சிந்தில் காதல் ஏக்கம் இல்லையா? உண்டு, இசைக்கும் குறைவில்லை. ஆனால் அது இறைவனை நாயகனாகக் கொண்ட ஏக்கம்; அடைந்துவிடலாம் என்னும் நம்பிக்கை அதன் அடியில் ஓடுகின்றது. பட்டன் கதை போல அது யாரையும் புண்படுத்துவதில்லை. கரிசல் இக்கதையைத் தனதாக்கிக் கொண்டதற்கு எளிய காரணங்கள் சில உண்டு. பொம்மக்கா, திம்மக்கா என்னும் பெயர்களே தெலுங்குச் சாயல் கொண்டவை. தெலுங்கும் தமிழும் கலந்து பேசப்படும் நம் ஊர்களில் அப்பெயர்களுக்கு உறவுமுறை உண்டு. இன்னொன்று தோல். கமலை கட்டி நீர் இறைத்த காலத்தில், சாலுக்குத் தோல் தும்பி தைக்கவும், ஏருக்கும் வண்டிக்கும் வார் பிடிக்கவும், முள்ளும் வெடிப்புமான காட்டில் சம்சாரி நடக்கச் செருப்புச் செய்யவும் அருந்ததியரின் கை வேண்டியிருந்தது. அக்கை தைத்த செருப்பை, அதைத் தைத்தவர் காலில் அணிந்துகொண்டு பெரிய தெருவில் நடக்க முடியாதிருந்தது. நம் முதியோர் கண்ணால் கண்ட நடப்பு இது. செருப்பைக் காணிக்கையாக ஏற்கும் தெய்வத்தின் கதையைக் கரிசலார் எந்தச் செவியோடு கேட்டிருப்பர் என்பதை இதிலிருந்து உணரலாம்.

ஆயினும் இவை எல்லாம் கதை பரவியதற்குக் காரணங்களே. மனத்தைப் பற்றியதற்குக் காரணங்கள் அல்ல. அதனை அறியப் பாடலின் கட்டமைப்பை நோக்க வேண்டும்.

முதலாவதாக, இங்கே காதல் செவி வழியாகப் பிறக்கின்றது. பழந்தமிழ்க் காதற் கதைகளில் பெரும்பாலும் கண்ணே வாயில். பட்டனோ பெண்களைக் காணுமுன் குரலைக் கேட்டான். குரலுக்குச் சாதி தெரியவில்லை. வில்லுப்பாட்டில் இப்பகுதியைப் பாடும்போது ஒரு விந்தை நிகழ்வதை நாம் கவனித்திருக்கின்றோம். கூட்டமும் இருளில் அமர்ந்து, முகம் சரிவரத் தெரியாத ஒருவரின் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருக்கின்றது. நம்மைப் போல மூன்று கல் தொலைவில் திண்ணையில் இருப்பவருக்கு முகமே இல்லை, குரல் மட்டும்தான். ஆகவே, கேட்பவர் பட்டனின் இடத்தில் தாமாகவே போய் நின்றுவிடுகின்றனர். வீசுகோல் வில்லில் பட்டு மணிகள் குலுங்க, உடுக்கை விரைய, குடத்தின் வாயில் மட்டை விழும் ஓசையும் சேர்ந்துகொள்ள, அண்ணாவி வேகமாகக் கதையை நகர்த்திவிட்டுச் சட்டென்று எல்லாக் கருவியையும் நிறுத்தி, அப்பெண்களின் குரல் கேட்டது என்று வெறுமையாகச் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் ஆமாம் போடுவார். அவ்வொரு கணநேர அமைதியில் கூட்டம் முழுவதும் செவியாகிவிடும்.

இரண்டாவது, நமக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது, விலை. காதலர் பேசிக் களிக்கும் பகுதி இப்பாடலில் சிறிது. கொடுத்த விலையைச் சொல்லும் பகுதி பெரிது. தாழ்ந்தவர் எனப்பட்டோர் உயர்ந்தோராக ஆக்கப்பட்டுத் திருமணத்துக்குத் தகுதி பெறும் கதைகள் ஏராளம். ஏழைப்பெண் உண்மையில் இளவரசி என்று கடைசியில் தெரியவரும், எல்லாரும் மகிழ்வர், உலகம் இருந்தபடியே இருக்கும். இங்கே திசை தலைகீழ். மேலே இருந்தவன் இறங்கி வரவேண்டும் என்கின்றார் பெண்ணைப் பெற்றவர். கெஞ்சி நிற்பது பூணூல் அணிந்தவன்; நிபந்தனை விதிப்பது தோல் பதப்படுத்தும் கை. வாலப்பகடைக்குத் தன் குலத்தைப் பற்றிய நாணம் சிறிதும் இல்லை. எம்மைப் போலாகி வா என்பதில் உள்ள பெருமிதத்தை நம் நாட்டு இலக்கியத்தில் வேறெங்கும் இவ்வளவு இயல்பாக நாம் கண்டதில்லை. குருமடத்தில் பிலிப்பியருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தைப் படித்தபோது, தம்மையே வெறுமையாக்குதல் என்னும் சொல்லுக்குக் கிரேக்க வேர் முதலாகப் பல பக்கங்கள் குறிப்பெடுத்தோம். அறுந்த பூணூலும், ஊசி குத்திய விரலும், விற்பதற்குத் தலையில் சுமந்து சென்ற செருப்பும் அக்குறிப்புகளில் இல்லை. இரண்டையும் ஒன்றெனச் சொல்ல வரவில்லை. பட்டன் தன் காதலுக்காக இறங்கியவன், அவ்வளவே. ஆனால் இறங்குதல் என்பது உடம்பால் செய்யப்படும் வேலை என்பதை வில்லுப்பாட்டே நமக்கு விளக்கியது.

மூன்றாவது, இழப்பு வந்து விழும் நேரம். பெற்றது ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. இவ்விடத்தில் நம் வாசகருக்குத் தோபித்து நூல் நினைவுக்கு வரலாம். சாராவின் கணவர் எழுவர் ஒருவர்பின் ஒருவராக மணநாள் இரவிலேயே மாண்டனர். எட்டாவதாக வந்த தோபியாவும் மாள்வான் என்றெண்ணி மாமனார் இரகுவேல் இரவோடிரவாகக் குழி தோண்டி வைக்கின்றார். தோபியாவோ பிழைத்தான், குழி மூடப்பட்டது. அந்நூலிலும் ஒரு நாய் உண்டு; பயணம் முழுவதும் தோபியாவோடு போய் அவனோடே வீடு திரும்புகின்றது. திருமணத் திருப்பலியில் அந்நூலிலிருந்து வாசகம் வாசிக்கையில், நமக்கு மட்டும் இந்த மற்றொரு நாயின் நினைவு எழுவதுண்டு. பட்டனின் நாய் தனியே திரும்பியது. யார் இறந்தார், எப்படி இறந்தார் என்று பாடல் அப்பெண்களுக்கு எடுத்துரைப்பதில்லை. வாயில்லா உயிர் வாசலில் வந்து நிற்கின்றது, அதுவே செய்தி. நாம் கேட்ட அண்ணாவிமார் எவரும் இவ்விடத்தில் அழுது பாடியதில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டனர்.

முடிவு தெரிந்திருத்தல் இக்கதைக்குக் குறையாகவில்லை, அதுவே அதன் பலம். திருமணப் பகுதியைக் கேட்கும்போதே நாயை எண்ணிக் கலங்குகின்றோம். மணமக்களுக்குத் தெரியாதது நமக்குத் தெரிகின்றது. தெரிந்தும் நம்மால் எச்சரிக்க இயலவில்லை. பெரிய வெள்ளியன்று பாடுகளின் வரலாற்றை ஆண்டுதோறும் கேட்கும் நமக்கு இவ்வகைக் கேட்டல் புதிதன்று. உலகெங்கும் நாட்டுப்புறத்தார் இவ்வாறே கேட்டு வந்துள்ளனர். ஸ்காட்லாந்து, இங்கிலாந்து நாடுகளில் வழங்கிய பார்பரா ஆலன் என்னும் கதைப்பாடலை ஒரு நடிகை பாடக் கேட்டதாகச் சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் 1666 சனவரி 2 அன்று எழுதியிருக்கின்றார். காதலைப் புறக்கணித்தவள், அவன் இறந்தபின் வருந்தித் தானும் இறக்கின்றாள். கப்பலேறி அமெரிக்க மலைநாடுகளிலும் குடியேறிய அப்பாடல் இன்றும் பாடப்படுகின்றது. பல வடிவங்களில், இருவர் கல்லறைகளிலும் முளைத்த ரோசாவும் முட்செடியும் மேலே சென்று பின்னிக்கொள்ளும். அங்கே இறந்தபின் செடி. இங்கே தேயும் செருப்பு. நமக்குச் செருப்பே பிடித்திருக்கின்றது. செடி ஆறுதல் தந்து கதையை முடித்துவிடுகின்றது. செருப்போ அவன் இன்னும் நடந்துகொண்டிருக்கின்றான் என்கின்றது.

நம் கத்தோலிக்க ஊர்களிலும் இதுபோல ஒரு கதை செல்வாக்கோடு இருந்ததை மூத்த வாசகர் நினைவுகூர்வர். கைகள் வெட்டுண்டு காட்டில் விடப்பட்ட ஞானசௌந்தரியின் நாடகம் நடக்காத திருவிழா அக்காலத்தில் அரிது. 1948இல் அது திரைப்படமாகவும் இருமுறை எடுக்கப்பட்டது. தேவதாயின் அருளால் கைகள் திரும்பவும் பெற்று, கணவனோடு சேர்ந்து, கதை இனிது முடியும். நமக்கு அதன்மேல் அன்புண்டு. இருப்பினும் இன்று அதை நடிப்பார் அருகிவிட்டனர். பட்டன் கதையோ கொடைதோறும் பாடப்படுகின்றது. கைகள் திரும்ப முளைத்துவிட்ட கதையில், கேட்பவர் சுமந்துகொண்டு வீடு செல்வதற்கு ஒன்றும் மீதி இல்லை என்பது நம் எண்ணம். மறுப்போரும் இருப்பர்.

புகழ்ச்சியோடு நிறுத்திவிட்டால் திறனாய்வாகாது. இப்பாடலில் நம்மால் ஏற்க இயலாதவை உள. அப்பெண்களின் விருப்பம் என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை. பட்டன் கேட்கின்றான், தந்தை நிபந்தனை விதிக்கின்றார், இருவரையும் சேர்த்து ஒருவனுக்கே கொடுக்கின்றனர். அவர்கள் தாமாகச் செய்ததாகப் பாடல் பெரிதுபடுத்துவது தீயில் இறங்கியது ஒன்றைத்தான். இது நமக்குக் கடினமாக இருக்கின்றது. உடன்கட்டை 1829இல் வங்காளத்தில் சட்டத்தால் தடுக்கப்பட்டது. அதற்குப் பிறகும், 1987 செப்டம்பரில், இராசத்தான் மாநிலத்துத் தேவராலாவில் ரூப் கன்வர் என்னும் இளம்பெண் கணவனின் சிதையில் எரிந்தாள். அவ்விடத்தை வழிபாட்டிடமாக்க மக்கள் திரண்டனர். அதன் பின்னரே, உடன்கட்டையைப் போற்றுவதையும் குற்றமாக்கும் சட்டம் அவ்வாண்டில் வந்தது. தீயைத் தெய்வமாக்கும் பாட்டின் இனிமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

சிதைமேல் மாண்ட மற்றொரு பெண்ணுக்காக அழுததைத் தூய அகுஸ்தினார் தம் அறிக்கைகள் நூலின் முதற்பகுதியில் நாணத்தோடு சொல்கின்றார். வெர்ஜில் பாடிய காப்பியத்தில், காதலன் கைவிட்டுச் சென்றதால் சிதையேறி உயிர்விட்ட கார்த்தேசு அரசி தீதோவின் கதையைப் பள்ளியில் படித்து அவர் கண்ணீர் வடித்தாராம். இறைவனை விட்டு விலகித் தாமே செத்துக்கொண்டிருந்ததற்கோ ஒரு துளிக் கண்ணீரும் வரவில்லையாம். அந்நூலின் மூன்றாம் பகுதியில், நாடக அரங்கில் பிறர் துயரைப் பார்த்து மனிதர் ஏன் இன்புறுகின்றனர் என்றும் வினவுகின்றார். உதவிக்கு ஓட வேண்டிய கடமை இல்லாத இடத்தில் இரக்கப்படுவது எளிது என்பது அவர் கண்ட விடை. குருமட நாள்களில் இதை வாசித்தபோது, பெரியவர் கலையின்மீது அளவுமீறிக் கடிந்துகொள்கின்றார் என்று நினைத்தோம். இப்போது அப்படி நினைப்பதில்லை.

ஏனெனில், கொடையில் கண்ணீர் விடுவோர் யார் என்று நாம் அறிவோம். பட்டனுக்காக அழும் அதே தகப்பன்மார் தம் மகளை அடுத்த தெருவில் கொடுக்க ஒப்பமாட்டார்கள். பாடலும் அவர்களுக்குத் தக வளைந்து கொடுத்திருக்கின்றது. பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் விடப்பட்டுப் பகடையால் எடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்று ஒரு வடிவம் வழங்குகின்றது. இது பிற்காலத்தில் செய்யப்பட்ட மாற்றம் என்று வானமாமலை எடுத்துக்காட்டியிருக்கின்றார். இத்தகைய முற்சேர்க்கை இக்கதைக்கு மட்டும் நேர்ந்ததன்று. மதுரை வீரன் கதையிலும் வீரன் காசி அரசனின் மகன், செருப்புத் தைப்போர் வளர்த்தனர் என்றே வரும், எம்.ஜி.ஆர். நடித்து 1956இல் வந்த படத்தைப் பார்த்தோருக்கு இது தெரியும். பிறப்பை மாற்றிவிட்டால் விலையும் இல்லாமற் போகின்றது. பிராமணன் பிராமணப் பெண்களை மணந்தான் என்றால், அவன் பூணூலை அறுத்தது எதற்காக? கலை நோக்கில் பார்த்தாலும் அது முழுக் கதையையும் உள்ளீடற்றதாக்கும் ஒட்டு. அன்றைய கொடை முடிந்து, விடிந்தபின் நம்மூர் வழியாக வேனில் திரும்பிய அண்ணாவியை நிறுத்தித் தேநீர் கொடுத்து, எந்த வடிவத்தைப் பாடுவீர்கள் என்று கேட்டோம். அவர் சிரித்தார். "கூப்பிட்ட ஊருக்குத் தக்கன பொறப்ப மட்டும் மாத்திக்கிடுவோம் சாமி. மத்ததெல்லாம் ஒண்ணுதான்" என்றார். நேற்றிரவு எப்படி என்றோம். வில்லைச் சாய்த்து வைத்துக்கொண்டே, காட்டில் கண்டெடுத்த பிள்ளைகளாகத்தான் பாடினோம் என்றார்.

பேராசிரியர் வானமாமலை இக்கதைப்பாடலைச் சாதியமைப்பை எதிர்த்த குரலாகப் படித்தார். அவர் படிப்பு சரியே. ஆனால் எதிர்ப்புக் குரலை எல்லாச் சாதியாரும் அழுதுகொண்டே கேட்கின்றனரே, எப்படி? பட்டன் இறந்துவிட்டான் என்பதால்தான் என்று நமக்குத் தோன்றுகின்றது. இறந்தவனுக்குக் கோயில் கட்டலாம், செருப்புக் காணிக்கை செலுத்தலாம். அவன் பிழைத்து, செருப்புத் தைத்து, பிள்ளை பெற்று, அத்தெருவில் குடியிருந்திருந்தால் அண்ணன்மார் மட்டுமல்ல, ஊரே திரண்டு வந்திருக்கும். 2025 சூலையில் பாளையங்கோட்டையில், காதலின் பொருட்டு, இருபத்தேழு வயது மென்பொறியாளர் ஒருவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். பட்டன் கோயிலுக்குச் செல்லும் பேருந்துகள் அந்நகரின் வழியாகத்தான் போகின்றன.

மற்றவரைக் குறைசொல்ல நமக்குத் தகுதி உண்டா? வடக்கன்குளத்தில் 1872இல் எழும்பிய நம் ஆலயத்தில் சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்து நிறுத்தச் சுவர் இருந்தது. 1910இல் கௌசானல் அடிகளார் அதை இடித்தார். அதற்காக நடந்த வழக்குகளும் பகைமையும் வரலாறு. சுவர் இடிந்தது. கல்லறைத் தோட்டங்களில் அதன் நிழல் இன்னும் நீண்டுகிடப்பதைப் பங்குப் பணியாளர் எவரும் மறுக்கமாட்டார்.

நம்மைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்பு, வேறொரு பங்கில், ஓர் இளைஞனும் இளம்பெண்ணும் ஒரு மாலையில் நம்மிடம் வந்தனர். இருவரும் நம் பாடகர் குழுவினர், ஒரே திருமுழுக்குத் தொட்டியில் ஞானம் பெற்றவர்கள், வெவ்வேறு தெருவினர். எங்களுக்கு ஓலை வாசிப்பீர்களா சாமி என்று பையன்தான் கேட்டான். கிறிஸ்துமஸ் கழியட்டும், பெரியவர்களிடம் பேசிப் பார்க்கின்றோம் என்றோம். பேசினோம். பூசைக்கு வாங்க, நல்லது கெட்டதுக்கு வாங்க, இதிலே மட்டும் வராதீங்க என்று பணிவோடு சொல்லி அனுப்பிவிட்டனர். கிறிஸ்துமஸ் வருமுன்பே பெண்ணின் தகப்பனார் அவளை அழைத்துக்கொண்டு வந்து, வெளியூரில் உறவில் மணம் பேசியிருப்பதாகவும், பங்கிலிருந்து தடையில்லாக் கடிதம் வேண்டும் என்றும் கேட்டார். மணமக்களின் இசைவே திருமணத்தை உண்டாக்குகின்றது என்பதும், அச்சுறுத்திப் பெற்ற இசைவு இசைவாகாது என்பதும் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1057, 1103ஆம் எண்கள். நாம் மனப்பாடமாக அறிந்தவை. தனியே அழைத்துக் கேட்டிருக்க வேண்டும். தகப்பனார் பக்கத்தில் நிற்கவே, சம்மதமா அம்மா என்று கேட்டோம். அவள் தலையசைத்தாள். கையெழுத்திட்டோம். பொம்மக்காவிடமும் திம்மக்காவிடமும் யாரும் கேட்கவில்லை என்று மேலே குறை எழுதிய அதே கை.

பையன் தைக்கு முன்னரே திருப்பூருக்குப் போனான். பனியன் கம்பெனி ஒன்றில் இருப்பதாகச் சொன்னார்கள். பிறகு அங்கும் இல்லை என்றார்கள். கடிதமும் வரவில்லை, தொலைபேசியும் வரவில்லை.

மறு ஆண்டு பங்குனியில் அடுத்த ஊரில் கொடை. நம் உபதேசியார் ஒரு காலையில் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார். நம் கிறிஸ்தவ மக்கள் சிலர் கொடைக்குப் போய் வில்லுப்பாட்டுக் கேட்கின்றனர், அதிலும் அந்தப் பையனின் தாயார் விடிய விடியப் போய் உட்கார்ந்திருக்கின்றார், ஞாயிறன்று மறையுரையில் கண்டிக்க வேண்டும் என்றார். நம் திருவிழாக்களிலேயே புனிதர்களின் வரலாற்றை வில்லில் பாடவைத்துக் கேட்கின்றோமே என்று நாம் சமாதானம் சொல்லியும் அவர் மனம் ஆறவில்லை. அன்று மாலை திருப்பலிக்குப் பின் அத்தாயாரைக் கண்டபோது, கேட்கவேண்டும் என்று கேட்காமல், நேற்று வில்லுக்குப் போயிருந்தீர்களாமே அம்மா என்றோம். அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"நாய் வந்து வாசல்ல நிக்கும்லா சாமி, அது வரைக்கும் கேப்பேன். பெறவு எந்திரிச்சு வந்துருவேன்" என்றார்.

உபதேசியாரிடம் நாம் எதுவும் சொல்லவில்லை. அந்த ஞாயிறு மறையுரையில் கொடையைப் பற்றிய பேச்சு இடம்பெறவில்லை.